அடைமழைக்குப் பின் அடையாற்று முகத்துவாரம் வரை நடந்தோம்

அடையாறு கடலில் சேரும் இடத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் அடைமழை ஓய்ந்த சில நாட்களுக்குள் போய்விட வேண்டும். கோடையில் அங்கே மணல்மேடுதான் தெரியும். ஆறு அதற்குப் பின்னால் கறுத்துத் தேங்கிக் கிடக்கும். அதைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பியவர்கள் எங்கள் குழுவிலும் உண்டு. அவர்களையும் வற்புறுத்தி அழைத்துக்கொண்டு, மார்கழி ஞாயிறு ஒன்றில் எலியட்ஸ் கடற்கரையிலிருந்து வடக்கே நடந்தோம்.

ஷ்மிட் நினைவு மண்டபத்தருகே கூடினோம். 1930 டிசம்பர் 30 அன்று, கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிர்விட்டவருக்காக எழுப்பியது அது. வாடைக்காற்றுக் காலத்தில் இந்தக் கடல் எப்படி இழுக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் யாரும் இறங்குவதில்லை என்று அங்கேயே பேசி முடித்தோம்.

மழையில் மணல் இறுகியிருந்ததால் கால் புதையவில்லை. அலை ஏறி இறங்கிய இடமெல்லாம் கறுப்புக் கோடுகள். எண்ணெய் கசிந்துவிட்டதோ என்று ஒருவர் பதறினார். எங்களோடு வந்த ஆசிரியை பையிலிருந்து காந்தம் ஒன்றை எடுத்து மணலில் ஓட்டிக் காட்டினார். கருந்துகள்கள் கொத்தாக ஒட்டிக்கொண்டன. இலேசான வெண்மணலை அலை அரித்துக்கொண்டு போகும்போது கனமான தாதுமணல் இப்படித் தங்கிவிடுகிறது. அதன்பின் பிள்ளைகளை நகர்த்துவதே பெரும்பாடாகிவிட்டது.

ஊரூர் ஆல்காட் குப்பத்தைத் தாண்டியதும் கரை நெடுக ஆகாயத்தாமரைக் குவியல். ஏரிகளிலிருந்து வெள்ளம் அடித்து வந்ததைக் கடல் ஏற்காமல் திருப்பிப் போட்டிருந்தது. கூடவே நகரத்துப் பிளாஸ்டிக்கும். அதைப் பார்க்க மனம் வலிக்கத்தான் செய்தது. ஒரு குவியலுக்குள் பாம்பு நெளிந்தது. "கடல் பாம்பு!" என்று யாரோ கத்த, எல்லோரும் விலகி ஓடினோம். வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து வந்தார்.

"வாலைப் பாருங்கள் தம்பி. கடல் பாம்பு என்றால் துடுப்பு மாதிரித் தட்டையாக இருக்கும். இது நீர்க்கோலி. பாவம், வெள்ளத்தில் வந்துவிட்டது."

கோலால் அதை நெம்பி எடுத்து ஆற்றங்கரைப் புதரில் விட்டார். நீர்க்கோலிக்கு நஞ்சில்லை, ஆனால் நன்றாகக் கடிக்கும். கடல் பாம்போ கொடிய நஞ்சுள்ளது. வாலைப் பார்க்கத் தெரிந்தாலும் எட்ட நின்றே பாருங்கள்.

பெரியவரே முகத்துவாரம் வரை கூட வந்தார். மணல்மேட்டை ஆறு உடைத்துக்கொண்டு அகலமாகப் பாய்ந்தது. பழுப்பு நீரும் பச்சை நீரும் முட்டும் இடத்தில் நுரை ஒரு கோடாக நீண்டு கிடந்தது.

"பொக்லைன் வைத்து எத்தனை முறை வெட்டினாலும் கடல் மூடிவிடும் ஐயா. வெள்ளம் வந்தால் ஒரே இரவில் திறந்துவிடும். இந்த வாய் திறந்தால்தான் மடவைக் குஞ்சு உள்ளே ஏறும், எங்களுக்கும் இறால் கிடைக்கும்" என்றார்.

ஆண்டின் பெரும்பகுதி அலைகள் தெற்கிலிருந்து வடக்கே மணலைத் தள்ளுவதால்தான் ஆற்றின் வாய் அடைபடுகிறது என்று படித்திருக்கிறேன். அவர் பேச்சைக் கேட்ட பிறகே அது மனத்தில் பதிந்தது. முகத்துவாரத்தைச் சாக்கடை என்று ஒதுக்குகிறவர்கள் அவரிடம் பத்து நிமிடம் பேசிப் பார்க்க வேண்டும்.

ஆறு 1977-இல் அறுத்துப் போட்ட பாலத்துக்கு அருகே, திட்டு மணலில் பழுப்புத் தலைக் கடற்காகங்கள் வரிசையாக நின்றன. லடாக் ஏரிகளிலும் திபெத்திலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்கு இங்கே வருகிற பறவைகள். நாங்கள் பாலத்தில் ஏறவில்லை. நீங்களும் ஏறாதீர்கள், அது பாழடைந்து கிடக்கிறது.

எண்ணூர், முட்டுக்காடு, பாலாற்று முகத்துவாரம் ஆகிய இடங்களில் மழைக்குப் பின் நடந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். அங்குள்ள மீனவர்கள் என்ன சொன்னார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.