தென்மாநிலச் சிலைகளை இறக்கினால் வரலாறு அழிந்துவிடுமா?

செந்தில்_அட்லாண்டா
நம்மவர்களிடம் அமெரிக்கத் தென்மாநிலங்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே அடிமை முறை, கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு என்று இரண்டே விஷயம்தான் வருகிறது. வடக்கு நல்லது, தெற்கு கெட்டது என்று முடித்துவிடுகிறோம். ஜார்ஜியாவில் பல வருடமாக இருக்கிறேன். தெருவில் ஒரு சாவு விழுந்தால் அக்கம்பக்கத்தில் எல்லோரும் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கிற ஊர் இது. தென்மாநிலங்கள் பிரிந்துபோய் வடக்கோடு மோதிய 1861-65 உள்நாட்டுப் போரில் இவர்களுடைய முப்பாட்டன் செத்திருக்கிறான், அவன் நினைவாகக் கோர்ட்டு வாசலில் ஒரு சிலை நிற்கிறது. அதுவும் இருக்கக் கூடாதா? 2021இல் வர்ஜீனியாவின் ரிச்மண்டில் தெற்கின் படைத் தளபதி ராபர்ட் லீயின் சிலையை இறக்கியபோது வெளிநாட்டு ஊடகங்களும் அதைக் கொண்டாடின. அந்தப் படைவீரர்களில் பெரும்பாலோர் ஒரு அடிமைகூட வைத்திராத விவசாயிகள். மாநில உரிமைக்காகவும் சொந்த மண்ணுக்காகவும் போனவர்கள். அடிமைகளுக்கு விடுதலை என்ற லிங்கனின் 1863 பிரகடனம் கிளர்ச்சி செய்த பகுதிகளுக்கு மட்டும்தான். வடக்கோடு நின்ற கென்டக்கியிலும் டெலவேரிலும் 1865 டிசம்பர் வரை அடிமை முறை சட்டப்படி இருந்தது. இதை ஏன் யாரும் பேசுவதில்லை?

வைகைக்கரை
செந்தில் அண்ணா, அந்த மக்களின் அன்பை நான் மறுக்கவில்லை. 'மாநில உரிமை' என்பதைத்தான் ஏற்க முடியாது. ஏன் பிரிகிறோம் என்பதை அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

1860 டிசம்பரில் முதலில் பிரிந்தது தென் கரோலினா. தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தர வடமாநிலங்கள் மறுக்கின்றன, அதற்கென்று சட்டமும் போடுகின்றன என்பது அதன் பிரிவினை அறிக்கையில் உள்ள முக்கியமான புகார். அதாவது வடமாநிலங்கள் தங்கள் மாநில உரிமையைப் பயன்படுத்தியதே இவர்கள் கண்ணில் குற்றம்! மிசிசிப்பியின் அறிக்கை, எங்கள் நிலை அடிமை முறையோடு முழுவதும் பிணைந்தது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறது. பிரிந்த மாநிலங்கள் அமைத்த கான்ஃபெடரேட் அரசின் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் உங்கள் ஜார்ஜியாக்காரர். 1861 மார்ச்சில் சவானா நகரில், கறுப்பர் வெள்ளையருக்குச் சமமில்லை என்பதே புதிய அரசின் மூலைக்கல் என்று பேசினார். அவர்களுடைய அரசியல் சாசனத்தில், அடிமைகள் மீதான சொத்துரிமையைக் குறைக்கும் சட்டம் எதையும் போடக் கூடாது என்று தனி ஷரத்தே உண்டு.

அப்புறம் அந்த விவசாயி கணக்கு. பிரிந்துபோன மாநிலங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு குடும்பம் அடிமைகளை வைத்திருந்தது. மிசிசிப்பியில் கிட்டத்தட்டப் பாதி.

செந்தில்_அட்லாண்டா
தலைவர்கள் பேசியது வேறு, பதினெட்டு வயதுப் பையன் துப்பாக்கி தூக்கியது வேறு. எல்லாப் போரிலும் இப்படித்தான். சரி, வடக்கின் யோக்கியதையையும் பார்ப்போமே. லிங்கன் வாழ்ந்த இல்லினாய் மாநிலத்தில் கறுப்பர் குடியேறவே கூடாது என்று 1853இல் சட்டம் இருந்தது. 1863 ஜூலையில் கட்டாய ராணுவச் சேர்ப்பை எதிர்த்து நியூயார்க்கில் கலவரம் வெடித்தது. தெருவில் கண்ட கறுப்பர்களை அடித்துக் கொன்றார்கள், கறுப்பினக் குழந்தைகளின் அநாதை இல்லத்தைக் கொளுத்தினார்கள். அடிமை முறையை ஒழித்துவிட்டோம் என்று பெருமை பேசிய பிரிட்டனில், லிவர்பூலுக்கு எதிர்க்கரையில்தான் தெற்கின் போர்க்கப்பல் அலபாமா கட்டப்பட்டது. பழி மட்டும் தெற்கின் தலையில்.

மீனாட்சி_சிகாகோ
வடக்கைப் பற்றி அண்ணன் சொல்வதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. 1966 ஆகஸ்டில் எங்கள் ஊர் மார்க்கெட் பார்க் (Marquette Park) பகுதியில் மார்ட்டின் லூதர் கிங் ஊர்வலம் போனபோது கல்லால் அடித்தார்கள். மிசிசிப்பியிலும் அலபாமாவிலும்கூட இவ்வளவு வெறுப்பைப் பார்த்ததில்லை என்றார் அவர். தெற்கிலிருந்து தப்பி வந்த கறுப்பர்களுக்கு இங்கே வீடு விற்க மறுத்தார்கள், வங்கிகள் கடன் தர மறுத்தன. ஆனால் வடக்கின் பாவத்தைக் காட்டி லீயின் சிலையைக் காப்பாற்ற முடியாதே!

என்னை உறுத்துவது வேறு. தென்மாநில மக்கள் என்று நீங்கள் சொல்லும்போது அதில் கறுப்பர்கள் ஏன் இல்லை? 1860இல் தென் கரோலினா, மிசிசிப்பி இரண்டிலும் மக்கள்தொகையில் பாதிக்கு மேல் அடிமைகள். இன்றும் அமெரிக்கக் கறுப்பர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தெற்கில்தான் வாழ்கிறார்கள். தெற்கின் சமையல், இசை, தேவாலயப் பாட்டு எல்லாவற்றிலும் அவர்கள் கை இருக்கிறது. வெள்ளையரிலும் எல்லோரும் அந்தப் பக்கம் நிற்கவில்லை. கிழக்கு டென்னசி பிரிவினைக்கு எதிராக வாக்களித்தது. மேற்கு வர்ஜீனியா 1863இல் தனி மாநிலமாகவே ஆகிவிட்டது. இவர்களுக்கு எத்தனை கோர்ட்டு வாசலில் சிலை இருக்கிறது?

1890இல் ரிச்மண்டில் லீ சிலையை நிறுத்தியபோதே அங்கிருந்த கறுப்பினப் பத்திரிகையாளர் ஜான் மிட்செல் எதிர்த்து எழுதினார். இதை நிறுத்த உழைத்தவன் கறுப்பன், காலம் வந்தால் இறக்கவும் அவனே இருப்பான் என்றார். 2021இல் அதை இறக்கும் ஒப்பந்தத்தை எடுத்தவர் டெவன் ஹென்றி என்ற கறுப்பினத் தொழிலதிபர். இதில் அழிந்த வரலாறு எது அண்ணா? எனக்கு வரலாறு நடந்ததாகத்தான் படுகிறது.

கதிர்
வெளியிலிருந்து பார்ப்பது எப்போதுமே பாதிதான் என்பதற்கு நம் பக்கமே ஒரு சாட்சி உண்டு. ஜோதிராவ் புலே 1873இல் சாதிக் கொடுமையை எதிர்த்து எழுதிய 'குலாம்கிரி'யை, அடிமைகளை விடுவித்த அமெரிக்க மக்களுக்குச் சமர்ப்பணம் செய்தார். அவருக்கு அங்கே நம்பிக்கை தெரிந்தது, அது நியாயமும்கூட. அதே 1873 ஏப்ரலில் லூசியானாவின் கோல்ஃபாக்ஸில், கோர்ட்டுக் கட்டடத்தைக் காத்து நின்ற கறுப்பர்களை வெள்ளையர் கும்பல் ஒன்று கொன்று குவித்தது. பலர் சரணடைந்த பிறகு கொல்லப்பட்டவர்கள்.

வைகைக்கரை
கோல்ஃபாக்ஸைத்தான் நானும் சொல்ல வந்தேன். அங்கே 1950 வாக்கில் மாநில அரசே ஒரு பலகை வைத்தது. நடந்தது கலவரம், தெற்கில் வடக்கிலிருந்து வந்த வெளியாட்களின் முறைகெட்ட ஆட்சி அதோடு முடிந்தது என்று அதில் எழுதியிருந்தது. படுகொலையை நல்ல காரியமாக்கிய பலகை அது. 2021இல் அதை எடுத்தார்கள். 2023இல் கொல்லப்பட்டவர்களின் பெயர்களைப் பொறித்துப் புதிய நினைவுச்சின்னம் வைத்தார்கள். வரலாற்றை அழித்தது பழைய பலகைதான்.

உங்கள் மாநிலத்தையே பாருங்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இரண்டே வருடத்தில் ஜார்ஜியா தன் கொடியில் கான்ஃபெடரேட் போர்க்கொடியைச் சேர்த்தது. கான்ஃபெடரேட் தலைவர்களைச் செதுக்கிய ஸ்டோன் மவுண்டன் பாறைச் சிற்பம் முடிந்தது 1972இல், போர் ஓய்ந்து நூறு வருடம் கழித்து. இதெல்லாம் முப்பாட்டனுக்குச் செய்த அஞ்சலியா?

செந்தில்_அட்லாண்டா
கொடி விஷயத்தில் நான் வாதாட வரவில்லை. தளபதிகள் குதிரைமேல் நிற்கும் சிலை வேறு, ஊர்ப் பையன்களின் பெயர் பொறித்த கல் வேறு என்பதில்தான் நிற்கிறேன். எது இருக்க வேண்டும் என்பதை அந்தந்த ஊர்க்காரர்கள் முடிவு செய்யட்டும். சென்னையிலிருந்தும் லண்டனிலிருந்தும் தீர்ப்பு எழுத வேண்டாம்.

மீனாட்சி_சிகாகோ
ஊர்க்காரர்கள் முடிவு செய்யட்டும் என்றால் எனக்கும் சம்மதம்தான். ஆனால் ஜார்ஜியா சட்டம் அதற்கு விடவில்லையே. உங்கள் பக்கத்து ஊர் டெகேட்டரில், கோர்ட்டு முன்னால் 1908இல் வைத்த கான்ஃபெடரேட் தூணை எடுக்க ஊரும் கவுன்சிலும் கேட்டும் மாநிலச் சட்டம் குறுக்கே நின்றது. 2020 ஜூனில் நீதிபதி உத்தரவிட்ட பிறகுதான் எடுக்க முடிந்தது. 2024இல் அதே இடத்தில் கறுப்பர் உரிமைப் போராளி ஜான் லூயிஸின் சிலையை வைத்தார்கள். அவரும் தெற்கத்திக்காரர்தான் அண்ணா, அலபாமாவில் குத்தகை விவசாயியின் மகன்.

செந்தில்_அட்லாண்டா
டெகேட்டர் மக்கள் கேட்டார்கள், நடந்தது. நல்லது. நாளைக்கு ஒரு கிராமத்து மாவட்டம் எங்கள் தூண் இருக்கட்டும் என்று வாக்களித்தால், அதையும் இதே போல ஏற்பீர்களா?

வைகைக்கரை
அந்த மாவட்டத்துக் கறுப்பர்களும் தடையில்லாமல் வாக்களித்து வந்த முடிவாக இருந்தால், நான் மதுரையிலிருந்து கேள்வி கேட்க மாட்டேன். 1908இல் தூண் வைத்தபோது அவர்களை யாரும் கேட்கவில்லை. அதே வருடம்தான் கறுப்பர்களின் வாக்குரிமையைப் பறிக்கும் திருத்தத்தை ஜார்ஜியா கொண்டு வந்தது.