கொந்தோஸ்தவ்லோஸ்: ஒரே கிரேக்கக் குடும்பப்பெயருக்கு மூன்று தளங்களில் மூன்று எண்ணிக்கை, எதை எடுப்பது?

ஏடகம் (கேள்வி)

வணக்கம். அரிதான கிரேக்கக் குடும்பப்பெயர்கள் பற்றிய தமிழ்க் கட்டுரை வரிசைக்காக கொந்தோஸ்தவ்லோஸ் என்ற பெயரை எடுத்திருக்கிறேன். இரண்டு இடத்தில் வேலை நிற்கிறது.

முதலாவது எண்ணிக்கை. பெயர்ப் பரவல் காட்டும் தளம் ஒன்று மூன்றிலக்கத்தில் சொல்கிறது, இன்னொன்று இரண்டிலக்கத்தில். அமெரிக்கப் பட்டியலை வைத்து ஓடும் தளத்தில் பெயரே இல்லை. இரண்டாவது பெயர்க்காரணம். "கொந்தோஸ் என்றால் குட்டை, ஸ்தாவ்லோஸ் என்றால் தொழுவம், ஆகவே தாழ்ந்த கூரைத் தொழுவம் வைத்திருந்தவர்" என்று ஓரிடத்தில் இருக்கிறது. மற்றோரிடத்தில் பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசின்) பதவிப்பெயர் என்கிறார்கள்.

இதுவரை தேடியது: ஆங்கில எழுத்தில் 'கே'யில் தொடங்கும் ஒரே வடிவம், கிரேக்க எழுத்தில் ஆண் வடிவம். வேறு எங்கே பார்க்க வேண்டும்?

வேரடி

தொழுவத்தைக் கட்டுரையில் ஏற்றாதீர்கள். ஓசை ஒத்துப்போவதால் பின்னாளில் ஒட்டிய விளக்கம் அது. 'கொந்தோ' என்று தொடங்கும் குடும்பப்பெயர்கள் கிரேக்கத்தில் ஏராளம், அதன் பின்னால் பெரும்பாலும் ஓர் ஆள்பெயர் வரும்: கொந்தோயானிஸ் என்றால் குட்டை யானிஸ். அந்த வார்ப்பில் இதையும் ஊற்றிவிட்டார்கள்.

பெயர் வந்த வழி வேறு. பிற்கால ரோமப் பேரரசில் 'கோமெஸ் ஸ்தாபுலி' என்பவர் அரண்மனைக் குதிரை லாயத்தின் தலைவர். மேற்கு ஐரோப்பாவில் அந்தப் பதவி படிப்படியாகப் படைத்தலைமையாக உயர்ந்தது. லத்தீன்காரர்களிடமிருந்து, அதாவது மேற்கு ஐரோப்பியரிடமிருந்து, கிரேக்கத்துக்கு வந்தபோது 'கொனோஸ்தவ்லோஸ்' ஆனது. 13ஆம் நூற்றாண்டில் பைசாந்தியத்தின் தொடர்ச்சியாக நின்ற நிக்கேயாப் பேரரசின் 'மெகாஸ் கொனோஸ்தவ்லோஸ்', கூலிக்கு அமர்ந்த லத்தீன் படையினருக்குத் தலைவர். பின்னாளில் பேரரசரான எட்டாம் மிக்காயேல் பாலையோலோகோஸ் அரியணைக்கு முன் இந்தப் பதவியில் இருந்தவர்தான். 'கொனோ' என்பது 'கொந்தோ' ஆனதற்கு, 'குட்டை' என்ற பழகிய சொல்லின் இழுப்பைக் காரணம் சொல்லலாம். அதாவது 'குட்டை' எழுத்துக்குள் நுழைந்தது, பொருளுக்குள் நுழையவில்லை. நம்ம ஊர்க் கான்ஸ்டபிளும் இதே வேரில் வந்தவர்தான்.

ஒன்றில் மட்டும் கவனம். "இந்தப் பெயருள்ளவர்கள் பைசாந்தியத் தளபதியின் வாரிசுகள்" என்று எழுதிவிடாதீர்கள். லோகோதெதிஸ், சகெல்லாரியூ போன்ற பெயர்களும் பதவியிலிருந்து வந்தவைதான். பதவியில் இருந்தவரின் பிள்ளைக்கும் அந்தப் பெயர் வரும், அவரிடம் வேலை பார்த்தவருக்கும் வரும், மிடுக்காக நடந்த ஒருவருக்குப் பட்டப்பெயராகவும் வரும். பெயரை மட்டும் வைத்து எது என்று பிரிக்க முடியாது.

மணிவாசகன்

ஊரைக் கண்டுபிடிக்க விகுதியைப் பார்த்தால் போதுமே? 'ஆகிஸ்' என்று முடிந்தால் கிரீட், 'ஓபுலோஸ்' என்றால் பெலொப்பொன்னீஸ், 'இதிஸ்' என்றால் கருங்கடல் பக்கம். இது எந்த வகை?

வேரடி

எந்த வகையும் இல்லை மணி. அதனால்தான் இந்தப் பெயரில் விகுதி உதவாது. மானி என்பது பெலொப்பொன்னீஸின் தென்முனை வட்டாரம்: 'ஆகோஸ்' என்றால் லகோனிய மானி, 'எயாஸ்' என்றால் மெசினிய மானி, 'ஆதோஸ்' என்றால் கெஃபலோனியா என்று பிடிக்கலாம். அங்கேகூட விகுதி காட்டுவது பெயர் உருவான வட்டாரத்தைத்தான், ஆள் இப்போது இருக்கும் ஊரை அல்ல. கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் இடையே 1923இல் நடந்த மக்கள் பரிமாற்றத்துக்குப் பின் 'இதிஸ்', 'ஓக்லு' பெயர்கள் மாசிடோனியாவிலும் ஏதென்ஸ் புறநகர்களிலும் குவிந்தன. 1928 கணக்கெடுப்பில் அகதிகள் மட்டும் 12 லட்சத்துக்கு மேல். விகுதி இல்லாத பதவிப்பெயருக்கு ஆவணம்தான் ஒரே வழி.

கணக்கன்

எண்ணிக்கைக்கு வருகிறேன். மூன்று தளமும் மூன்று வெவ்வேறு பொருளை எண்ணுகின்றன, அதுதான் சிக்கல்.

முதலில் எழுத்துக்கூட்டல். கிரேக்கத்தில் நடுவில் வருவது நியூ, டாஃப் என்ற எழுத்து இரட்டை. உச்சரிப்பு 'ந்த்' (மென்மையாக), ஆனால் கிரேக்க எழுத்தை லத்தீன் எழுத்தாக்கக் கடவுச்சீட்டில் பயன்படும் எலோட் 743 தரம் அதை எழுத்துக்கு எழுத்தாக 'என்', 'டீ' என்று மாற்றுகிறது. காதால் கேட்டு எழுதியவர்கள் 'டீ'க்குப் பதில் லத்தீன் வரிசையின் நான்காம் எழுத்தான 'டி'யைப் போட்டார்கள். முதலெழுத்து 'கே' அல்லது 'சி'. அல்ஃபா, இப்சிலோன் இரட்டை லாம்தாவுக்கு முன் 'அவ்' என்று ஒலிக்கும், அதை 'வி' போட்டும் எழுதுவார்கள், 'யூ' போட்டும் எழுதுவார்கள். இத்தாலிய வழக்கில் கடைசி 'எஸ்' விழுந்துவிடும். நான்கு இடம், ஒவ்வொன்றிலும் இரண்டு வாய்ப்பு: ஆண் வடிவம் மட்டுமே 16. பெண் வடிவம் 'ஊ' என்று முடிவதால் கடைசி வாய்ப்பு கிடையாது, அது 8. மொத்தம் 24 வடிவம். நீங்கள் பார்த்தது அதில் ஒன்று.

இரண்டாவது, பெண் வடிவம். கிரேக்கத்தில் இந்தக் குடும்பத்துப் பெண்ணின் பெயர் கொந்தோஸ்தாவ்லூ. தளம் அதைத் தனிப் பெயராக எண்ணியிருந்தால் உங்கள் எண் ஏறக்குறையப் பாதிதான். 1983ஆம் ஆண்டின் குடும்பச் சட்டத்துக்குப் பிறகு கிரேக்கப் பெண்கள் திருமணமானாலும் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்துக்கொள்கிறார்கள். அதற்கு முன் மணமானவர்கள் பெரும்பாலும் கணவன் வீட்டுப் பெயரில் இருப்பார்கள். வெளிநாட்டில் கதை வேறு. லண்டன் பாடகி துலிசாவின் குடும்பப்பெயர் ஆண் வடிவத்திலேயே இருக்கிறது. ஆகவே பிரிட்டன், அமெரிக்க எண்ணை இரண்டால் பெருக்கக் கூடாது.

மூன்றாவது, 'பெயரே இல்லை' என்ற தளம். அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறை 2010 பட்டியலில் 1,62,253 குடும்பப்பெயர்களை வெளியிட்டது. 100 பேருக்குக் குறைவாக உள்ள பெயர் அதில் ஏறாது. இல்லை என்றால் 0 முதல் 99 வரை எதுவும் இருக்கலாம். 24 வடிவமாகச் சிதறிய பெயருக்கு ஒவ்வொரு வடிவமும் தனித்தனியாக 100ஐத் தாண்ட வேண்டும், அதையும் நினைவில் வையுங்கள்.

நான்காவதுதான் பெரிய பள்ளம். கிரேக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வெளியீடுகளில் குடும்பப்பெயர் அட்டவணை கிடையாது. பரவல் தளங்கள் ஏதோ ஒரு மாதிரிப் பட்டியலை எடுத்து நாட்டு மக்கள்தொகைக்கு ஊதிப் பெருக்குகின்றன. கற்பனைக் கணக்கு ஒன்று: 20 லட்சம் பேர் பட்டியலில் 20 பேர் கிடைத்தார்கள் என்று வையுங்கள். 2021இல் கிரேக்க மக்கள்தொகை 1,04,82,487. பெருக்கு எண் 5.24, விடை சுமார் 105. ஆனால் 20 என்ற சிறு எண்ணுக்கே 95 விழுக்காட்டு நம்பிக்கை எல்லை (தற்செயல் ஏற்ற இறக்கத்தைக் கணக்கில் எடுத்தால் உண்மை எண் பெரும்பாலும் விழும் வரம்பு) ஏறக்குறைய 12 முதல் 31 வரை. பெருக்கினால் 63 முதல் 162 வரை. தளம் 105 என்று மட்டும் அச்சிடும். இரண்டு தளங்கள் 70 என்றும் 150 என்றும் சொன்னாலும் அவை முரண்படவில்லை. இதுவும் பட்டியல் எல்லா ஊரிலிருந்தும் சீராக எடுத்தது என்று வைத்துக்கொண்டால்தான். அரிய பெயர் ஒன்றிரண்டு ஊரில் குவிந்திருக்கும். அந்த ஊர் பட்டியலில் விழுந்ததா விழவில்லையா என்பதில் எண் தலைகீழாகும்.

ஏடகம்

நன்றி கணக்கன். 24 வடிவத்திலும் தேடிவிட்டேன். புதுச் சிக்கல்: கிரேக்க எழுத்துத் தேடலில் பெண் வடிவம் ஆண் வடிவத்தைவிடப் பல மடங்கு வருகிறது. இந்தக் குடும்பத்தில் பெண்கள்தான் அதிகம் என்று கொள்ள முடியுமா?

கணக்கன்

முடியாது. ஆண் வடிவத்தின் ஆறாம் வேற்றுமையும் 'கொந்தோஸ்தாவ்லூ'தான். 'கொந்தோஸ்தவ்லோஸின் வீடு' என்று எழுதினாலும், தெருவுக்குப் பெயர் வைத்தாலும் அதே எழுத்து. இந்தப் பெயரில் அந்தத் தொல்லை கூடுதல். ஏதென்ஸ் பழைய நாடாளுமன்றக் கட்டடம் நிற்கும் மனையில் முன்பு இருந்தது அரசியல்வாதி அலெக்ஸாந்த்ரோஸ் கொந்தோஸ்தவ்லோஸின் மாளிகை. கிரேக்கத்தின் முதல் மன்னர் ஓத்தோ தற்காலிகமாகத் தங்கியதும், பிறகு நாடாளுமன்றம் கூடியதும் அங்கேதான். 1854இல் எரிந்தது, 1858இல் புதுக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அந்தக் கட்டடத்தைப் பற்றி யார் எழுதினாலும் 'கொந்தோஸ்தாவ்லூ வீடு' என்று ஒரு வரி வரும். எல்லாம் உங்கள் தேடலில் பெண்களாக விழுகிறது.

வடிகட்ட வழி: வலைத்தேடலை விட்டுவிட்டு, பெயர்ப்பட்டியலாக இருக்கும் மூலங்களை மட்டும் எடுங்கள். குடும்பப்பெயருக்கு முன்னோ பின்னோ பெண்ணின் இயற்பெயர் இருந்தால்தான் பெண் என்று எண்ணுங்கள். தொலைபேசிப் புத்தகத்தில் நேர்மாறான சாய்வு இருக்கும்: வீட்டுக்கு ஓர் இணைப்பு, அது பெரும்பாலும் ஆண் பெயரில். அங்கே பெண் வடிவம் குறைவாக வருவது இயல்பு. நல்ல பதிவேட்டில் இரண்டும் ஏறக்குறையச் சமமாக வர வேண்டும்; ரொம்பத் தள்ளி வந்தால் மூலத்தைச் சந்தேகியுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். அழுத்தக்குறி ஆண் வடிவத்தில் 'தோ' மீது, பெண் வடிவத்தில் 'தா' மீது நகர்ந்துவிடும். சில தரவுத்தளங்கள் குறியைக் கண்டிப்பாகப் பார்க்கும். முழுக்கப் பெரிய எழுத்தில், குறி இல்லாமல் அடித்தால் இந்த இடறல் பெரும்பாலும் தீரும்.

தீவுத்திடல்

எண்ணிக்கை பேசியாச்சு, ஊரைப் பற்றி யாரும் சொல்லலையே. மேலே சொன்ன அலெக்ஸாந்த்ரோஸ் பிறந்தது கியோஸ் தீவில். உஸ்மானியருக்கு எதிரான கிரேக்க விடுதலைப் போர்க் காலத்தில் நியூயார்க்கில் கட்டிய கிரேக்கப் போர்க்கப்பல் விவகாரத்தைத் தீர்க்க அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டவர், பிறகு கிரேக்கத்தின் முதல் ஆட்சித்தலைவர் கபோதிஸ்த்ரியாஸ் காலத்தில் ஏகினா நாணயச்சாலை வேலையைப் பார்த்தவர். தேடலைக் கியோஸிலிருந்து தொடங்குவது நியாயம்.

ஆனா அங்கே எல்லாரும் ஒரே தப்பைப் பண்றாங்க. கிரேக்க அரசு பொது ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் 19ஆம் நூற்றாண்டுத் தேர்தல் பட்டியல்கள் இருக்கு. அதில் கியோஸைத் தேடுவாங்க. கிடைக்காது. தீவு 1912 வரை உஸ்மானிய ஆட்சியில் இருந்தது. அந்தக் காலத்துக் கியோஸ்காரரைக் கிரேக்க ஆவணத்தில் பார்க்கணும்னா சீரோஸ் தீவின் எர்மூபோலிக்குப் போங்க. 1822இல் கியோஸில் நடந்த படுகொலைக்குப் பின் ஓடிவந்த கியோஸ், ப்சாரா மக்கள் உருவாக்கின ஊர் அது. வெளிநாட்டுக் கிளைகளுக்கு லண்டன், லிவோர்னோ, த்ரியெஸ்தே, மார்செய்ல், அலெக்ஸாந்திரியா. இந்த ஊர்களில்தான் 'சி'யில் தொடங்கி 'எஸ்' இல்லாமல் முடியும் வடிவம் வரும்.

தேர்தல் பட்டியலில் வயது வந்த ஆண்கள் மட்டும்தான். 'மித்ரோ அரெனோன்' என்ற ஆண் பதிவேடும் படைக்கு ஆள் எடுக்க வைத்தது, அதிலும் பெண்கள் கிடையாது. குடும்பமாகப் பார்க்கணும்னா நகராட்சியின் குடும்பப் பதிவேடான 'திமொதொலோகியோ'. ஆனா வம்சத்தில் இல்லாதவருக்கு அதைத் திறந்து காட்ட மாட்டாங்க. கட்டுரை எழுதுறவங்க பழைய பட்டியலோட நிறுத்திக்கணும்.

அப்புறம், ஒரே ஆளை இரண்டு முறை எண்ணுவது. மூத்த மகனுக்குத் தந்தைவழித் தாத்தா பெயர் வைக்கிற வழக்கம் இருப்பதால் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டுத் திரும்பி வரும். பட்டியலில் ஒவ்வொருவருக்கும் தந்தை பெயர் இருக்கும். இயற்பெயர், தந்தை பெயர், வயது மூன்றும் ஒத்தால்தான் ஒரே ஆள்.

மணிவாசகன்

லண்டன் குடும்பமும் கியோஸ் குடும்பமும் ஒன்று என்று எழுதலாமா?

தீவுத்திடல்

கூடாது. பதவிப்பெயர் ஒரே நேரத்தில் பல ஊரில் தனித்தனியா உருவாகும். பிராங்கியர் (மேற்கு ஐரோப்பியர்) ஆண்ட மோரியாவிலும் (பெலொப்பொன்னீஸ்), பிரெஞ்சு லுசீன்யான் வம்சம் ஆண்ட சைப்ரஸிலும் இதே பதவி இருந்தது. இடையில் பிறப்பு, திருமணப் பதிவு சங்கிலியா கிடைச்சாத்தான் ஒண்ணு.

நியூயார்க்கின் குடியேற்ற நிலையமான எல்லிஸ் தீவில் அதிகாரி பெயரை மாத்திட்டார் என்ற வரியையும் போட்டுடாதீங்க. பயணிகள் பட்டியல் கப்பல் கிளம்பின துறைமுகத்திலேயே எழுதப்பட்டது. அங்கிருந்தவர் வந்ததைச் சரிபார்த்தார், அவ்வளவுதான். எழுத்து மாறினது பெரும்பாலும் பின்னாடி, வேலையிடத்திலும் குடியுரிமை விண்ணப்பத்திலும்.

ஏடகம்

அப்படியானால் தகவல் பெட்டியில் எண்ணிக்கை என்ற இடத்தில் என்ன போடுவது? காலியாக விட்டால் யாராவது வந்து பரவல் தள எண்ணை நிரப்பிவிடுவார்கள்.

கணக்கன்

ஒற்றை எண் போடாதீர்கள். "கிரேக்கம்: அதிகாரபூர்வ எண்ணிக்கை வெளியிடப்படுவதில்லை. மதிப்பீடு: (தாழ்ந்த எல்லை) முதல் (உயர்ந்த எல்லை) வரை, ஆண், பெண் வடிவங்கள் சேர்த்து, பார்த்த ஆண்டு" என்று எழுதுங்கள். அமெரிக்காவுக்கு "ஒவ்வொரு எழுத்துக்கூட்டலும் 100க்குக் கீழ்" என்று போடலாம், 24 வடிவத்தையும் அந்தப் பட்டியலில் நேரடியாகத் தேடிப் பார்த்த பிறகு மட்டும். எந்தெந்த வடிவத்தைச் சேர்த்தீர்கள் என்று அடிக்குறிப்பில் சொல்லிவிடுங்கள், அடுத்து வருபவர் சரிபார்க்க முடியும்.

தீவுத்திடல்

தேதி போடும்போது ஒண்ணு பாருங்க. கிரேக்க அரசு நாட்காட்டியை மாத்தினது 1923இல். பிப்ரவரி 15க்கு அடுத்த நாள் மார்ச் 1. அதுக்கு முந்தின 20ஆம் நூற்றாண்டுப் பதிவுக்கு 13 நாள் கூட்டணும், 19ஆம் நூற்றாண்டுக்கு 12. பதிவேட்டில் 1922 டிசம்பர் 20 என்று இருந்தால் இன்றைய கணக்கில் 1923 ஜனவரி 2, ஆண்டே மாறிடும். லண்டன், மார்செய்ல் அரசுப் பதிவுகள் ஏற்கெனவே புதுக் கணக்கில் இருக்கும், அதில் கூட்டாதீங்க.