வைஃபை டிரைவர் ஓட்டைக்கு பேட்ச் வந்துருச்சான்னு எப்படி பாக்குறது?

வணக்கம் மக்களே, ஒரு டவுட்டு, தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க. ஆண்ட்ராய்டோட மாசாந்திர செக்யூரிட்டி புல்லட்டின்ல வைஃபை டிரைவர்ல (வைஃபை சிப்ப இயக்குற சாஃப்ட்வேர்) ஒரு ஓட்டைன்னு போட்டிருக்காங்க, வகை 'பிரிவிலேஜ் எஸ்கலேஷன்', அதாவது ஒரு ஆப் தனக்குக் குடுக்காத அதிகாரத்த எடுத்துக்குறது. எனக்குப் புரிஞ்ச வரைக்கும் இது 2017ல வந்த புளூபார்ன்ங்கற புளூடூத் ஓட்டை மாதிரி பக்கத்துல நின்னு காத்து வழியா உள்ள வர்ற ரகம் இல்ல, நாமளே இன்ஸ்டால் பண்ண ஏதோ ஒரு ஆப் டிரைவருக்கு ஏடாகூடமா டேட்டா அனுப்பும், டிரைவர் அதோட அளவ சரியா செக் பண்ணாம வாங்கிக்கும், கெர்னல் (போனோட அடிப்படை சாஃப்ட்வேர்) மெமரி கெட்டு கடைசில முழு போனும் அந்த ஆப் கைக்கு போயிடும். நாம பர்மிஷனே குடுக்கலன்னாலும் மெசேஜ், போட்டோ எல்லாம் போச்சு.

பிரச்சனை என்னன்னா புல்லட்டின்ல ரெண்டு பேட்ச் லெவல் (எதுவரைக்கும் ஓட்டைய அடைச்சிருக்காங்கன்னு சொல்ற தேதி), 01னு முடியுறது ஒண்ணு, 05னு முடியுறது ஒண்ணு. சிப் கம்பெனி டிரைவர், கெர்னல் சமாச்சாரமெல்லாம் 05லதான் வரும். என் போன் செட்டிங்ஸ்ல 01தான் காட்டுது. கம்பெனி சப்போர்ட்ல கேட்டா எல்லாம் அப்டேட்டா இருக்குன்னு அதே பதில் திரும்பத் திரும்ப.

டிரைவர் பேட்ச மட்டும் தனியா சேத்திருக்க வாய்ப்பு இருக்கா? ரூட் பண்ணாம (போனோட முழு அதிகாரத்தையும் திறந்து எடுக்காம) அத பாக்க வழி இருக்கா? வைஃபைய ஆஃப் பண்ணி வச்சா ஏதாச்சும் பிரயோஜனம் உண்டா, இல்ல டிரைவர் அப்பவும் ஓடிட்டுதான் இருக்குமா? அம்மாகிட்டயும் இதே மாடல்தான், பேங்க் ஆப்பெல்லாம் அதுல இருக்கு, அதான் ரொம்ப பயமா இருக்கு. பிளே ஸ்டோர் இல்லாம வெளிய இருந்து போட்ட ஏபிகே (ஆப் ஃபைல்) எல்லாத்தையும் ரெண்டு போன்லயும் இப்போதைக்கு தூக்கிட்டேன், வேற என்ன செய்யணும்னு சொல்லுங்க ப்ளீஸ்.