‘புறப்பட்டுப்போய்’: கட்டளையா, வெறும் எச்சமா?

வினையெச்சம்:
இலங்கை மலையகத்தில் ஹற்றன், மஸ்கெலியா பக்கத்துக் கிறிஸ்தவ சபைகளின் வாட்ஸ்அப் குழுக்களில் மூன்று நாளாக ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. பேசியவர் யாரோ, அது வேண்டாம். சொன்னது இதுதான்: வெள்ளி உபவாச ஜெபம், ஞாயிறு ஆராதனை, கண்ணீர், அந்நியபாஷை, பிறகு வீட்டுக்குப் போய்க் கோழிக்கறி, இதெல்லாம் ஆவிக்குரிய சொகுசு. இயேசுவின் கடைசிக் கட்டளை ‘போங்கள்’. போகாதவன் கீழ்ப்படியாதவன்.
‘புறப்பட்டுப்போய், சகல ஜாதிகளையும் சீஷராக்கி’ என்று வருகிற மத்தேயு 28:19-ல் அப்படி ஒரு கட்டளையே இல்லை. கிரேக்கத்தில் அந்த இடத்தில் இருப்பது ‘பொரெயுதெந்தெஸ்’. அது எச்சம். கட்டளை வினை ஒன்றே ஒன்று, ‘மத்தேத்தெயுசாத்தே’, சீஷராக்குங்கள். கொழுந்து மலையிலோ இஸ்டோரிலோ (தேயிலைத் தொழிற்சாலை) பஸ்ஸிலோ, இருக்கிற இடத்தில் சீஷராக்கு என்பதுதான் அர்த்தம். இது தெரியாமல் மைக் பிடித்து மற்றவனைக் கீழ்ப்படியாதவன் என்று சொல்லக் கூடாது.

இஸ்தோப்பு:
பெயரிலேயே இலக்கணம் வைத்திருக்கிறீர்கள், நல்லது. “கடைக்குப் போய் சீனி வாங்கு” என்று அம்மா சொன்னால், ‘போய்’ எச்சம்தானே அம்மா, நான் இந்த அடுப்படியிலேயே நின்று வாங்குகிறேன் என்பீர்களா?
மத்தேயு 2:8 பாருங்கள். ஏரோது சாஸ்திரிகளிடம், போய் விசாரியுங்கள் என்கிறான். அதே ‘பொரெயுதெந்தெஸ்’, பின்னால் ஒரு கட்டளை. அவர்கள் எருசலேமில் இருந்தபடியே பெத்லகேம் பிள்ளையை விசாரித்தார்களா? 11:4, போய் யோவானுக்கு அறிவியுங்கள்: அதே அமைப்பு. 28:7-ல் கல்லறைக்கு வந்த பெண்களிடம் தூதன் சொல்வதும் அதே எச்சம், பெண்பால் வடிவில். அவர்கள் கல்லறை வாசலிலேயே நின்று சீஷர்களுக்குச் சொன்னார்களா?
‘போகிற போக்கில்’ என்று எழுத மத்தேயுவுக்குத் தெரியும். 10:7-ல் எழுதியிருக்கிறார், ‘பொரெயுஒமெனொய்’. அது நிகழ்கால எச்சம், நம் பைபிளில் ‘போகையில்’. 28:19-ல் அதைப் போடவில்லை. 28:19-ல் இருப்பது அயோரிஸ்ட் (செயலை முழுமையாகக் காட்டும் கிரேக்க வடிவம்) எச்சம்; அது கட்டளைக்கு முன்னால் நின்றால், பின்னால் வரும் கட்டளையின் பலம் முன்னாலும் ஏறும். கிரேக்க இலக்கணத்தில் இது ஆரம்பப் பாடம்.

வினையெச்சம்:
ஆரம்பப் பாடம் என்றால் ஒரு வசனம் முன்னால் போயிருக்கலாமே. 10:6-ல் ‘பொரெயுஎஸ்தே’ என்று நேரான கட்டளை இருக்கிறது. ‘போங்கள்’ என்று கட்டளை போட மத்தேயுவுக்குத் தெரியும், 28:19-ல் போடவில்லை. எச்சம் எச்சம்தான்.

இஸ்தோப்பு:
10:5, 6 சேர்த்து வாசியுங்கள். புறஜாதியாரிடம் போகாதே, சமாரியர் பட்டணத்துக்குள் நுழையாதே, இஸ்ரவேலிடம் போ. அங்கே சொல்ல வந்ததே திசை. திசைதான் செய்தி என்றால் ‘போ’ வினைமுற்றாகத்தான் வரும். 28-ல் திசையே இல்லை, சகல ஜாதிகளும். அங்கே செய்தி சீஷராக்குவது, போகாமல் அது நடக்காது. சீனி கடையில் இருக்கிறது தம்பி, வீட்டில் இல்லை.

நல்லூரான்:
இரண்டு பேருக்கும் தமிழ்ப் பைபிளைக் கவனமாக வாசிக்கிற பழக்கம் இல்லைப் போல. திருப்புதல் என்கிற பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் ‘புறப்பட்டுப்போய்’ எச்சம், ‘சீஷராக்கி’ எச்சம், ‘ஞானஸ்நானங்கொடுத்து’ எச்சம். வினைமுற்று கடைசியில்தான் வருகிறது, ‘உபதேசம்பண்ணுங்கள்’. எச்சம் கட்டளையில்லை என்றால் சீஷராக்குவதும் கட்டளையில்லை, ஞானஸ்நானமும் இல்லை. ரியூஷன் மாஸ்டர் மாதிரி பாடம் நடத்தினால் போதும்.
இதற்குத்தான் தமிழ் தெரிந்தவன் மொழிபெயர்க்க வேண்டும் என்பது. 1850-ல் பேர்சிவல் பாதிரியாரோடு ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்தில் உழைத்து ஒரு பைபிள் வந்தது. சென்னைக்காரர் ஏற்கவில்லை. கடைசியில் 1871-ல் பவர் ஐயரின் திருப்புதல் தலையில் வந்து விழுந்தது.

கொடியேற்றம்:
கத்தோலிக்கர் கையில் இருக்கிற 1995 திருவிவிலியத்தில் இந்தச் சண்டையே இல்லை: “நீங்கள் போய் எல்லா மக்களினத்தாரையும் சீடராக்குங்கள்”. வினைமுற்று இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. வாங்கி வாசிக்கலாம், யாரும் தடுக்கவில்லை.

இஸ்தோப்பு:
கொடியேற்றம், அதிலும் ‘போய்’ எச்சம்தான். நல்லூரான், யாழ்ப்பாணப் பெருமைக்கு வேறு இழை திறக்கலாம். ஆனால் நீங்கள் தெரியாமல் என் பக்கம் ஒரு கோல் போட்டுவிட்டீர்கள். தமிழில் எச்சங்கள் வரிசையாக நின்று கடைசி முற்றின் ஏவலை எல்லாம் வாங்கிக்கொள்ளும். இது மொழியின் இயல்பு. ‘குளித்து, உடுத்து, சாப்பிட்டுப் போ’ என்றால் குளிப்பது விருப்பப்பாடம் இல்லை.

வினையெச்சம்:
தமிழ் எச்சத்தை வைத்துக் கிரேக்க எச்சத்தை நிரூபிக்க முடியாது. அது உங்களுக்கே தெரியும்.
உண்மையான கட்டளை வேண்டுமா? லூக்கா 24:49, ‘கதிசாத்தே’. நகரத்தில் இருங்கள். அப்பட்டமான வினைமுற்று. இருங்கள் என்பது முற்று, போய் என்பது எச்சம். அந்தக் குரல்பதிவு சொகுசு என்று கேலி செய்கிற காத்திருப்பு ஜெபம்தான் கட்டளை.

இஸ்தோப்பு:
அதே வசனத்தில் ‘வரைக்கும்’ என்று ஒரு சொல் இருக்கிறதே, அது எச்சமா முற்றா? உன்னதத்திலிருந்து பெலன் வரும் வரைக்கும். அது பெந்தெகொஸ்தே நாளோடு முடிந்தது. இங்கே சிலர் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள்.
மத்தேயு 17-ல் பேதுரு கேட்டதும் இதைத்தான். இங்கே இருப்பது நல்லது, மூன்று கூடாரம் போடுவோம். அவர் பேசி முடிக்கும் முன்பே மேகம் மூடிவிட்டது. இறங்கி வந்தால் அடிவாரத்தில் நோய்பட்ட மகனோடு ஒரு தகப்பன். நம் ஊரில் மலை உச்சியில் கோயில், பள்ளத்தில் லயம் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்). கூடாரம் மட்டும் மூன்றுக்கு மேல்.

வினையெச்சம்:
அந்த மலைக்கு அவர்களைக் கூட்டிப்போனதே இயேசுதான். அதை விட்டுவிடுவீர்கள். அப்போஸ்தலர் 8:1-ஐயும் விட்டுவிடுவீர்கள். உபத்திரவம் வந்தபோது சபையார் சிதறினார்கள், அப்போஸ்தலர் மட்டும் எருசலேமிலேயே இருந்தார்கள். 28:19-ஐ நேரில் கேட்டவர்கள் அவர்கள்தான். ‘போ’ கட்டளை என்றால் பதினொருவரும் கீழ்ப்படியாதவர்களா?

கோப்பிக்காலம்:
கட்டளை என்று எடுத்தவர்கள் போயிருக்கிறார்கள். 1854-ல் கோப்பித் தோட்டங்களுக்கென்றே ஒரு மிஷன் தொடங்கி, திருநெல்வேலியிலிருந்து தமிழ் உபதேசியார்களைக் கொண்டுவந்தார்கள். மலையகத்தில் தமிழ் ஆங்கிலிக்கன் சபை என்று இன்று இருப்பதில் பெரும்பங்கு அந்த வேர்.

மாசிநிலா:
அதன் பெயரையும் முழுசாகச் சொல்லுங்கள். ‘தமிழ்க் கூலி மிஷன்’. தோட்டத் துரைமார் சந்தா கொடுத்து நடத்தியது. பெரட்டுக் களத்தில் (காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடம்) பிரம்பு, அதே துரையின் பணத்தில் பிரசங்கம். இதை ‘சொகுசை விட்டு வந்தார்கள்’ என்று பாட்டுப் பாட வேண்டாம்.
நீங்கள் எச்சமா முற்றா என்று அடிபடுங்கள். வந்து நிற்பது எங்கள் லயத்து வாசலில். சாயங்காலம் அஞ்சரைக்கு எட்டுப் பேர், ஒரு கிட்டார். கேட்டால் எங்கள் ஆத்துமாக்கள்மேல் பாரம் என்கிறார்கள்.

கோப்பிக்காலம்:
பெயர் பிறகு மாறியது. உபதேசியார்கள் துரைமார் இல்லை, நடந்து வந்த தமிழர்கள்.

இஸ்தோப்பு:
மாசிநிலா அக்கா சொல்வது பாதி சரி. போகத் தெரியாமல் போகிறவர்களால்தான் வினையெச்சம் மாதிரியானவர்களுக்கு வாய் வருகிறது. போவதென்றால் எப்படி என்று எழுதுகிறேன், குரல்பதிவுக்காரரும் வாசிக்கட்டும்.
கடைசி நிறுவை முடிந்து கொழுந்துக்காரப் பெண்கள் மலையிலிருந்து இறங்க ஐந்து மணியாகும். பிறகு பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு இடம்) விட்ட பிள்ளை, தண்ணீர், விறகு, அடுப்பு. அந்த நேரத்தில் வாசலில் நிற்கிறவன் சுவிசேஷம் சொல்லவில்லை, ரொட்டி சுடுவதைத் தடுக்கிறான். ஏழுக்கு முன்னால் போகாதே, ஏழே முக்காலுக்கு எழும்பிப் புறப்படு. விடிய ஐந்துக்கு முன்னமே அடுப்பு மூட்டுகிற வீடு அது. இரண்டு பேர் போதும், ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். வீட்டுக்காரர் இல்லையென்றால் உள்ளே நுழையாமல் இஸ்தோப்பிலேயே (வாசல் திண்ணை) பேசிவிட்டு வா.
பழைய லயக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. இரண்டு காம்பராவுக்கும் ஒரே சுவர், மேலே தகரம். ஒரு வீட்டு ஜெபம் வரிசை முழுக்கக் கேட்கும். நீ பிசாசை அதட்டுவது பக்கத்துக் காம்பராவுக்குத் தங்கள் முனியாண்டியை ஏசுவதாகத்தான் விழும். கதவு மூடியிருந்தும் சண்டை வருவது இதனால்தான். வசனத்தைப் பேசுகிற குரலில் சொல், ஜெபத்தை அதைவிடத் தாழ்ந்த குரலில் செய்.
பத்தாம் திகதி சம்பளம். அன்றும் அடுத்த இரண்டு நாளும் போகாதே, கடைக்கடன்காரனும் சாராயமும் முந்திக்கொள்வார்கள். மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால் மஞ்சள் நீராட்டு முடியும் வரை அந்தப் பக்கமே தலை வைக்காதே. மாசியில் காமன்கூத்து நாட்களிலும் அப்படித்தான். மா, சீனி, பால்மா கையில் வேண்டாம். ஒரு வீட்டுக்கு ஒரு கிலோ மா கொடுத்தால் அந்த வீட்டுக்கு ‘மாவுக்கு மாறினவர்கள்’ என்ற பெயர் ஒரு தலைமுறைக்கு நிற்கும். உதவி செய்வதென்றால் லயம் முழுவதற்கும், வேறு நாளில், வேறு ஆள் கையால்.
மனைவி மட்டும் விசுவாசித்தால் முதல் மாதமே பொட்டை அழி, தாலியைக் கழற்று என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சபைக்கு ஒரு ஆள் கூடும், வீட்டில் குடும்பம் இரண்டாகும். சின்னப் பிள்ளைகளுக்குத் தாய் தகப்பன் சம்மதம் இல்லாமல் எந்த வகுப்பும் வேண்டாம். சாவும் இருக்கிறது. தோட்டத்து மயானத்தில் யார் காரியம் செய்வது, எந்த முறையில் என்று தோட்டத் தலைவர்மாரோடும் குடும்பத்தோடும் முன்னமே பேசி வைக்காவிட்டால், முதல் மரணத்தில் பெட்டி வாசலில் நிற்கும், இரண்டு பக்கமும் கத்தும்.
இத்தனையும் செய்தால்தான் ‘போய்’. எச்சத்துக்குள் இவ்வளவு வேலை இருக்கிறது.

மாசிநிலா:
திருடன் எத்தனை மணிக்கு வந்தால் நாய் குரைக்காது என்று சொல்லித்தருகிற மாதிரி இருக்கிறது. கூப்பிட்டது யார்? 2003-ல் மென்சிங்கன் அருட்சகோதரிகள் என்ற கத்தோலிக்கத் துறவற சபையைச் சட்டப்படி கூட்டிணைக்க வந்த சட்டமூலத்தில் உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. மதத்தை அனுசரிக்கலாம், பரப்புகிற உரிமை அரசியலமைப்பில் இல்லை.

இஸ்தோப்பு:
அதே வழக்கில் 2005-ல் ஐ.நா. மனித உரிமைக் குழு, இலங்கை குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையை மீறிவிட்டது என்று முடிவு சொன்னதையும் எழுதியிருக்கலாம். நம் அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரையில் விரும்பிய மதத்தை ஏற்கும் சுதந்திரம் இருக்கிறது. கேட்காமல் ஒருவன் எப்படி விரும்புவான்? கட்டாய மதமாற்றத் தடை என்று 2004-ல் வந்த சட்டமூலமும் நிறைவேறவில்லை.

மாசிநிலா:
ஐ.நா. வந்து லயத்தில் இருக்கப் போவதில்லை. இருக்கப் போவது நாங்கள்.

வினையெச்சம்:
வீடு வீடாகப் போகிறதற்கு இவ்வளவு நீளக் கையேடு எழுதியவர் லூக்கா 10:7 பார்க்கவில்லையா? வீட்டுக்கு வீடு போகாதேயுங்கள். நேரடிக் கட்டளை, எச்சமில்லை.

இஸ்தோப்பு:
அது தங்குகிற வீட்டைப் பற்றியது. ஒரு வீட்டில் கீரை, அடுத்த வீட்டில் கோழி என்று சாப்பாட்டுக்கு வீடு மாறாதே என்பது. வசனத்தின் முன்பாதியில் புசித்துக் குடியுங்கள் என்று இருக்கிறது. பவுல் எபேசுவில் வீடுகள்தோறும் உபதேசித்ததாக அப்போஸ்தலர் 20:20-ல் அவரே சொல்கிறார்.

சிறுகேள்வி:
ஐயாமாரே, சீஷன் என்றால் யார்? ஞானஸ்நானம் எடுத்தவரா, சபைப் புத்தகத்தில் பெயர் உள்ளவரா, கட்டளைகளைக் கைக்கொள்கிறவரா? அது தெரிந்தால் போவதா இருப்பதா என்று முடிவு செய்யலாமே.

நல்லூரான்:
சீஷன் என்ற சொல்லே சிஷ்யன் என்ற வடமொழியின் திரிபு. 1850...

இஸ்தோப்பு:
1850-ஐ விடுங்கள் ஐயா. அப்போஸ்தலர் 8-க்கு வருகிறேன், வினையெச்சம் அதைக் கேட்டுவிட்டு ஓடிவிட்டார். அப்போஸ்தலர் இருந்தார்கள், சரி. அதே அதிகாரம் 14ஆம் வசனத்தில் பேதுருவும் யோவானும் சமாரியாவுக்குப் போகிறார்கள். 10ஆம் அதிகாரத்தில் பேதுரு செசரியாவுக்கு. சிதறினவர்களும் இருந்த இடத்தில் சொல்லவில்லை, எங்கும் திரிந்து சொன்னார்கள், 8:4. போனார்கள். போனார்கள். போனார்கள்.

வினையெச்சம்:
மூன்று தரம் எழுதினால் எச்சம் முற்றாகாது.

கொடியேற்றம்:
மாற்கு 16:15-ல் பார்த்தால் தீர்ந்தது, உலகெங்கும் போய்...

வினையெச்சம்:
அதிலும் அதே ‘பொரெயுதெந்தெஸ்’. தவிர, மாற்கு 16:9 முதல் 20 வரை மிகப் பழைய சினாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை.

கொடியேற்றம்:
திருஅவை ஏற்றது பைபிள்தான். இனி வசனத்தையும் கிள்ளி எறியத் தொடங்கிவிட்டீர்கள்.

இஸ்தோப்பு:
10:6 பற்றி நான் எழுதினதற்கு இன்னும் பதில் வரவில்லை. திசை, தம்பி, திசை.

வினையெச்சம்:
எச்சம்.

நல்லூரான்:
1850 பற்றியும் இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை.