மரம் நட யாரு சம்பளம் குடுப்பா?

கம்புட்காரி:
வணக்கம். நான் சிலாங்கூர்ல பெஸ்தாரி ஜெயா பக்கம், நம்ம ஆளுங்களுக்கு இன்னும் பழைய பேரு பத்தாங் பெர்ஜுந்தைதான். வயசு 24, சயின்ஸ் டிப்ளோமா முடிச்சிட்டு ஃபேக்டரில கியூசி வேலை (சாமான் தரம் பாக்கறது), 1,900 வெள்ளி. போன வருஷம் கூட்டாளி ஒருத்தி இழுத்துட்டுப் போய் ராஜா மூசா கம்புட் காட்டுல (கம்புட்னா செடிகொடி மக்கிச் சேந்த சதுப்பு மண்ணு) மரம் நட்டோம், முட்டி வரைக்கும் சேறு, மஹாங் மரக்கன்னு நட்டுட்டு வந்து ரெண்டு நாளு இடுப்பு நிமிரல, ஆனா அதுலருந்து மனசு ஃபேக்டரில இல்ல. சுற்றுச்சூழல் பத்தி பிள்ளைங்களுக்கு சொல்லிக் குடுக்கறது, தோட்டத்து ஜனங்ககிட்ட கிளைமேட் பத்தி பேசறது, இதையே வேலையா செய்ய முடியுமா? அம்மா 30 வருஷம் தோட்டத்துல கெடந்தவங்க, "நான்தான் மரத்தடில நின்னேன், நீ படிச்சிட்டு அங்கயே போறியா, மரம் நட யாரு சம்பளம் குடுப்பா"ங்கறாங்க. மாஸ்டர்ஸ் பண்ணணுமா?

பழைய பஸ் ஸ்டாண்டு:
அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி தங்கச்சி. நான் இந்த வேலைல ஒம்பது வருஷம். மொத ரெண்டு வருஷம் வீக்கெண்டு ஃபெசிலிட்டேட்டர், ஒரு புரோகிராமுக்கு இவ்வளவுன்னு குடுப்பாங்க, சில மாசம் ஒண்ணுமே இருக்காது. அப்புறம் காண்ட்ராக்ட், ஆனா கிராண்ட் முடிஞ்சா வேலையும் முடிஞ்சுது. அதனால ஃபேக்டரிய இப்ப விட்றாத. மாஸ்டர்ஸும் இப்ப வேணாம். புரோபோசல் எழுதறது, ரசீது சேத்து வெச்சு ரிப்போர்ட் குடுக்கறது, இது ரெண்டும் தெரிஞ்ச ஆள உடனே எடுப்பாங்க, காட்டுல நல்லா நடக்கத் தெரிஞ்ச ஆளு நெறைய பேரு இருக்காங்க. குளோபல் என்விரோன்மென்ட் சென்டர்ங்கற அமைப்பு 2008லருந்து ஃபாரஸ்ட்ரி டிபார்ட்மென்ட்டோட சேந்து ராஜா மூசாவுல வேலை செய்யுது, கோலசிலாங்கூர்ல மலேசிய இயற்கைக் கழகத்தோட நேச்சர் பார்க் இருக்கு, ரெண்டும் உனக்கு மோட்டோ தூரம்தான். கேட்டுப் பாரு.

ஒண்ணு சொல்றேன், எனக்கே வெக்கமான கதை. மொதமொத ஒரு தமிழ்ப்பள்ளிக்குப் போனப்ப பனிமலை உருகற ஸ்லைடு போட்டு முக்கா மணி நேரம் பேசினேன். கடைசில ஒரு பையன் எந்திரிச்சு, "சார், எங்க லயத்துல தண்ணி எப்ப வடியும்?"னான், தோட்டத்து வரிசை வீடுங்கள்ல வெள்ளம் நின்னுச்சு. ஸ்லைட எல்லாம் தூக்கிப் போட்டேன். அடுத்த தடவ ரெண்டு டப்பால கம்புட் மண்ணு எடுத்துட்டுப் போனேன், ஒண்ணு ஈரம், ஒண்ணு நல்லா காஞ்சது. காஞ்சதுல தண்ணி ஊத்தச் சொன்னா, தண்ணி உள்ள எறங்காம முத்து முத்தா உருண்டு ஓடுது! அந்த மண்ணு இயற்கைல பத்துல ஒம்பது பங்கு தண்ணி, பாரிட், அதான் வாய்க்கால், வெட்டி தண்ணிய வெளிய விட்டா காயும், ஒரு தடவ நல்லா காஞ்சா பழையபடி ஊறாது, தீ புடிச்சா மேல அணைச்சாலும் அடில கனிஞ்சுகிட்டே இருக்கும், அதான் நம்ம ஊரு புகைமூட்டம். அதனாலதான் மரம் நடறதுக்கு முன்னாடி பாரிட்ட அடைக்கறாங்க. பிள்ளைங்க எனக்கே வெளக்கம் சொல்ல ஆரம்பிச்சிட்டாங்க.

செம்பனை வெள்ளை காலர்:
அண்ணன் சொன்னது சரி, ஆனா மாச சம்பளம் வேணும்னா கொம்பெனி பக்கமும் பாருங்க. செம்பனைத் தோட்டத்துக்கு 2020 ஜனவரிலருந்து எம்எஸ்பிஓங்கற மலேசிய சர்டிஃபிகேட் கட்டாயம், ஆர்எஸ்பிஓங்கற உலக அளவு சர்டிஃபிகேட்டுல 2018 நவம்பருக்கு அப்புறம் கம்புட் நிலத்துல புதுசா நடக் கூடாதுன்னு ரூல், இதையெல்லாம் பாக்க சஸ்டைனபிலிட்டி ஆளு, அதாவது சுற்றுச்சூழல் ரூலக் கவனிக்கற ஆளு, தேவை. நான் அதான் செய்றேன். தோட்டம் பூரா சுத்துவேன், எலி புடிக்க ஆந்தைக்கு வெச்ச கூட்ட எண்ணுவேன், மில்லு பின்னாடி கழிவுக் குளத்துலருந்து வர்ற மீத்தேன் கணக்கு எழுதுவேன். டிப்ளோமா போதும், பாதி நாளு ஃபைலுதான். ஆனா கொம்பெனி சட்டை போட்டுகிட்டு பேனர் புடிக்க முடியாது, அத முன்னாடியே யோசிச்சுக்குங்க.

மாமாக்கடை மூலை:
சட்டையக் கழட்டினா மட்டும் பேனரா? சிலாங்கூர்ல கோல லங்காட் உத்தாரா காட்டுக்கு, ரிசர்வ்லருந்து எடுக்கப் போறதா 2020ல நோட்டீஸ் வந்தப்ப, அங்க இருக்கற தெமுவான் பூர்வகுடி ஜனங்களும் ஊர்க்காரங்களும் ஆட்சேபக் கடுதாசி எழுதினாங்க, அப்பவும் 2021ல காட்டுல ஒரு பகுதிய ரிசர்வ்லருந்து எடுத்தாங்க, சத்தம் பெருசானதும் செப்டம்பர்ல மாநில அரசாங்கம் வாபஸ் வாங்கிடுச்சு. அட்வகசின்னா, அதாவது ஜனங்களுக்காகக் குரல் குடுக்கறதுன்னா, பெரும்பாலும் இதான், நோட்டீஸப் படிச்சு தேதிக்குள்ள கடுதாசி போடறது. நம்ம ஆளுங்களுக்கு மலாய் நோட்டீஸத் தமிழ்ல வெளக்கிச் சொல்ற ஆளு எத்தன பேரு? சம்பளம் இல்லாட்டியும் அந்த எடம் காலியாத்தான் கெடக்கு.

பழைய பஸ் ஸ்டாண்டு:
கரெக்ட். இன்னொண்ணு தங்கச்சி, லயத்துல இருந்த பெரியவங்ககிட்ட எந்த வருஷம் தண்ணி எத்தனாவது படி வரைக்கும் ஏறுச்சுன்னு கேட்டு ஒரு நோட்டுல எழுது. புரோபோசலுக்கு அது தங்கம்.

கம்புட்காரி:
நன்றி அண்ணே, எல்லாருக்கும். வேலைய விடல, சனிக்கிழமைக்கு வாலண்டியர் பேரு குடுத்துட்டேன். நேத்து ராத்திரி அம்மாகிட்ட தண்ணி ஏறுன கதையக் கேட்டேன், தே ஓ (பால் இல்லாத தேத்தண்ணி) ஆறிப் போற வரைக்கும் பேசினாங்க. நாங்க மரம் நட்டப்ப அடைச்சு வெச்சிருந்த பாரிட் இருக்கே, அத வெட்டுனப்ப அம்மா பக்கத்து பிளாக்குல குலை பொறுக்கிட்டு இருந்தாங்களாம். "மொத வருஷமே மண்ணு எறங்கிப் போச்சு, வேரு வெளிய தெரிஞ்சுது, யாரும் எங்ககிட்ட கேக்கல"ன்னாங்க. நோட்டுல மொத வரி அதான்.