ஷார்ப்பி இழைகளுக்கு ‘ஊன்றுநார்’ என்று சொல்லலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

பல்லைத் தாடை எலும்போடு பிணைக்கும் நார்களின் புதைந்த முனைகளான ஷார்ப்பி இழைகளுக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில், அந்த நார்களின் புரதமான கொலாஜனுக்கு ‘பசைப்புரதம்’ என்று குழுவின் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். கிரேக்கத்தில் ‘கோல்லா’ என்றால் பசைதான். தோலையும் எலும்பையும் கொதிக்கவைத்து வஜ்ஜிரப் பசை காய்ச்சிய காலத்துப் பெயர். ஆனால் உயிருள்ள திசுவில் அது இழுவையைத் தாங்குகிற கயிறு. கொலாஜன் என்றே இருக்கட்டும், மக்களுக்கு அது பழகிவிட்டது. நமக்குச் சொல் வேண்டியது அது நிற்கும் விதத்துக்கு.

பல்வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் இடைவெளி. அதில் குறுக்கே ஓடும் நார்களில் பெரும்பகுதி முதல் வகைக் கொலாஜன், கொஞ்சம் மூன்றாம் வகை. அவற்றின் ஒரு முனை வேரைப் போர்த்திய கெட்டிப் படலமான சிமெண்டத்துக்குள்ளும் மறுமுனை எலும்புக்குள்ளும் போய்க் கெட்டிப்பட்டு நிற்கும். அந்த முனைகளைத்தான் 19ஆம் நூற்றாண்டு உடற்கூற்றியலாளர் வில்லியம் ஷார்ப்பியின் பெயரால் அழைக்கிறார்கள். மெல்லும்போது விழும் பாரத்தை எலும்புக்குக் கடத்துவது இந்தப் பிடிப்புதான்.

இவற்றுக்கு ‘நிலைநார்’ என்று குழுவில் வந்த பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. இந்த நார்கள் ஓயாமல் சிதைந்து புதுப்பிக்கப்படுபவை. வைட்டமின் சி இல்லாமல் போனால் புதுக் கொலாஜன் சரியாக முறுக்கேறாது, பழையதோ கரைந்துகொண்டே இருக்கும். ஸ்கர்வி வந்த மாலுமிகளுக்குப் பல் ஆடியது இதனால்தான். ‘புதைநார்’ பரவாயில்லை, ஆனால் பாரம் தாங்குவதைச் சொல்லவில்லை. ‘ஊன்றுநார்’ இரண்டையும் சொல்கிறது.

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியம். ஈறு நோய்க்கு அறுவை சிகிச்சை செய்தபின் ஈற்றின் மேல்படலமான எபிதீலியம் வேகமாக வேரை ஒட்டிக் கீழே இறங்கிவிடும். அடியில் உருவாகும் கொலாஜன் வேருக்கு இணையாகப் படுத்துக்கிடக்கும், உள்ளே ஊன்றாது. வீக்கம் வடிந்து ஈறு இறுகும், பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனாலும் பழைய தாங்குதிசு திரும்பவில்லை. காயத்தை முதலில் எந்தச் செல்கள் நிரப்புகின்றனவோ அவையே விளைவைத் தீர்மானிக்கும் என்று ஈறு நோய் ஆய்வாளர் மெல்ச்சர் 1976இல் எழுதினார். 1982இல் நீமன் குழுவினர் ஒரு மெல்லிய வடிதாளை வைத்து ஈற்றுத் திசு வேரை எட்டாமல் தடுத்தார்கள். மனிதப் பல் ஒன்றில் புதுச் சிமெண்டமும் அதில் ஊன்றிய நார்களும் தெரிந்தன.

இரண்டையும் ‘ஈறு மீண்டும் வளர்ந்தது’ என்று எழுதினால் நோயாளிக்கு எது கிடைத்தது என்றே தெரியாது. என் முன்மொழிவு: நார் ஊன்றாத முதலாவது ‘ஆறல்’, ஊன்றிய இரண்டாவது ‘மீளாக்கம்’. வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: “காயம் ஆறியிருக்கிறது, ஆனால் ஊன்றுநார் இல்லை, இது மீளாக்கம் ஆகாது.” தடுக்காமல் ஓடுகிறது, இல்லையா?

அப்புறம், சிமெண்டத்தைப் ‘பற்காரை’ என்பதில் எனக்குத் தயக்கம். பல்லில் படிந்து, சுரண்டி எடுக்க வேண்டிய படிவத்தையும் பலர் அப்படியே சொல்கிறார்கள். ‘வேர்க்காரை’ என்றால் குழப்பம் வராது. குழுவில் உள்ள பல் மருத்துவர்கள் இதைப் பற்றிச் சொல்லுங்கள்.