மறு: டேப்பர்டு ஸ்டியரர் – கூம்புத்தண்டு வேண்டாம், ‘அடிபருத்த தண்டு’ என்று வைப்போம்

எல்லாருக்கும் வணக்கம். சைக்கிள் உறுப்புகளுக்குத் தமிழ்ச் சொற்பட்டியல் போடும் நம் இழையில் இப்போது பேச்சு டேப்பர்டு ஸ்டியரர் பற்றி: முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கின் உச்சியிலிருந்து பிரேமுக்குள் நுழைகிற தண்டு, அடியில் பருத்து மேலே இளைத்த வகை. அதற்குக் ‘கூம்புத்தண்டு’, ‘ஒடுங்குதண்டு’ என்று இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. இந்த இழையை நாலு நாளாகப் படித்துக்கொண்டு வருகிறேன், பதில் எழுதத்தான் நேரம் இல்லை. கிடைத்த நேரமெல்லாம் தக்கலைப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் போய்விட்டது. அங்கே காதில் விழுந்த ஒரு வார்த்தைதான் என் எண்ணத்தை மாற்றியது, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என்னிடம் இருப்பது 1990களின் கடைசியில் மாமா துபாயிலிருந்து வரும்போது கொண்டுவந்த ஸ்டீல் மலைச் சைக்கிள், 26 அங்குலச் சக்கரம். குளச்சல் உப்புக்காற்றில் இத்தனை வருஷம் நின்றும் பிரேம் உறுதியாக இருக்கிறது, முன்பக்க சஸ்பென்ஷன் ஃபோர்க்தான் செத்துவிட்டது. இப்போது வருகிற மாதிரி ஃபோர்க் ஒன்று பழையதாகக் கிடைத்ததும் ஆசைப்பட்டு வாங்கிவிட்டேன். மாட்டப் போனால் தண்டு முக்கால்வாசி ஏறி அப்படியே நின்றுவிட்டது. பட்டறை அண்ணாச்சி வெர்னியரை எடுத்து இரண்டு இடத்தில் அளந்தார். தண்டின் மேல்பக்கம் 28.6 மிமீ, பழைய ஃபோர்க்கும் அதே அளவுதான். கீழே, கால்களோடு சேருகிற இடத்தில் 39.8. பிரேமின் குழாய்க்கு உள்விட்டமே 34. அளந்து முடித்துவிட்டு அவர் சொன்னது: “கீழ பருத்திருக்குல்லா, கழுத்துக்குள்ள எறங்காது கேட்டியளா.”

நாம் நாலு நாளாக இருபது மடலில் தேடிய இரண்டு சொற்களும் அந்த ஒரு வரியில் இருக்கின்றன: ‘பருத்த’, ‘கழுத்து’.

> ‘கூம்புத்தண்டு’ போதும், பள்ளிக் கணக்குப் பாடத்திலேயே இருக்கிற சொல்தான்.

இதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. முதலில், கூம்பு என்றால் ஒரு முனையில் போய்க் குவிய வேண்டும். இந்தத் தண்டு குவியவில்லை, கீழே கொஞ்ச தூரத்துக்குள் ஒன்றரை அங்குலத்திலிருந்து ஒன்றேகால் அங்குலத்துக்கும் சற்றுக் குறைவாக இளைத்து, அதற்கு மேல் ஒரே அளவில் நேராகப் போகிறது. இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. நம் ஊர் எந்த சைக்கிள் கடையிலும் ‘கோன்’ என்றால் பேரிங்கைப் பிடித்து நிற்கிற தனி உருப்படி, பைக் பட்டறையில் கோன்செட் என்றாலே கழுத்துப் பேரிங்தான். கோனுக்குத் தமிழ் கேட்டால் கூம்பு என்றுதான் வரும். அதே இடத்தில் தண்டுக்கும் கூம்பு என்று பெயர் வைத்தால் எது எதுவென்று யாருக்கும் விளங்காது.

> ஒடுங்குதண்டு. வினைத்தொகை, ஊறுகாய் போல.

அழகான சொல், முதலில் இதைத்தான் நானும் ஆதரித்தேன். ஆனால் ஒடுங்குகிறது என்று சொல்லும் சொல் எந்தப் பக்கம் ஒடுங்குகிறது என்று சொல்லவில்லை. வாங்குகிறவனுக்குத் தெரிய வேண்டியதே அதுதான். மேலே பழைய அளவுதான், ஹேண்டில் பிடிக்கும் ஸ்டெம்கூட அப்படியே பொருந்தும், அதனால்தான் நானும் ஏமாந்தேன். இடிப்பது அடியில். ‘அடிபருத்த தண்டு’ என்று பெயர் இருந்திருந்தால் காசு கொடுப்பதற்கு முன்னாலேயே என் பிரேமின் அடிப்பக்கத்தை அளந்திருப்பேன். பனையை வெட்டிப் போட்டு அடி, தலை என்று பிரித்துப் பேசுகிற ஊர் இது, அடி பருத்தது என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பெயரெச்சம் வந்தால் கலைச்சொல் ஆகாது என்ற வாதமும் நிற்காது. சுட்ட செங்கலைக் கட்டடக்காரர் எல்லாரும் அப்படித்தானே சொல்கிறார்கள்? பழைய வகைக்கு ‘நேர்த்தண்டு’. இரண்டும் நல்ல ஜோடி.

அடுத்தது ஹெட் டியூப், அதாவது பிரேமின் முன்னால் அந்தத் தண்டு நுழைகிற குழாய். ‘தலைக்குழாய்’ என்று பட்டியலில் ஏற்கெனவே ஏறிவிட்டது, அதை மாற்றக் கேட்கிறேன். திரும்புவது கழுத்து. ‘கழுத்துக்குழாய்’, அதற்குள் ஓடுவது ‘கழுத்துத்தண்டு’. ஃபோர்க்குக்கு முட்கரண்டி என்று எழுதுவதைத் தயவுசெய்து விட்டுவிடுவோம், அது சாப்பாட்டு மேசையில் இருப்பது. கிளை இரண்டாகப் பிரிகிற இடத்துக்குக் கவை என்று பழைய சொல் இருக்கிறது, கவட்டையில் கல் வைத்து மாங்காய் அடித்தவர்களுக்கு அது அந்நியம் இல்லை. ‘முன்கவை’. அதன் இரண்டு கால்களையும் சேர்க்கிற பாலம் ‘தோள்’. கழுத்து, தோள், கால் என்று உடம்பு வரிசையிலேயே அமைந்துவிடுகிறது. சக்கர அச்சிலிருந்து தோள் வரை உள்ள அளவுக்கு நாம் நீளமாக ஒரு தொடர் வைத்திருந்தோம், ‘தோளுயரம்’ போதும்.

தோளுயரம் சின்ன விஷயம் இல்லை. புதிய முன்கவைகள் பழையதைவிட உயரம். 20 மிமீ கூடினால் கழுத்தின் சாய்வு ஏறத்தாழ 1 பாகை படுத்துவிடும், 71 பாகையில் செய்த பிரேம் 70 ஆகும், பெடல் அச்சும் கொஞ்சம் மேலே ஏறும். கண்ணை மூடிக்கொண்டு நீளமான கவையை மாட்டினால் ஏற்றத்தில் முன்சக்கரம் அலையும், கீழ்க்குழாய் கழுத்தில் சேருகிற இடத்திலும் பளு கூடும். இடைத் தோளுயரமாகப் பார்த்து எடுப்பதே நல்லது.

இனி வேலை. கழுத்துக்குழாயைக் கடைந்து பெரிதாக்க வழி இல்லை, வெளிவிட்டமே 36, 37 மிமீதான் இருக்கும். பழையதை அறுத்து எடுத்துவிட்டு உள்விட்டம் 44 உள்ள குழாயை வைக்க வேண்டும். அதில் பேரிங் உட்காரும் கிண்ணங்களில் மேல் கிண்ணம் குழாய்க்குள் இறங்கி உட்காரும், கீழ்க் கிண்ணம் வெளியே நிற்கும், அடிபருத்த தண்டுக்கு இடம் கிடைக்கும். புதுக் குழாய் பருமன் கூடியது என்பதால் மேல்குழாய், கீழ்க்குழாய் இரண்டின் வாயையும் அரத்தால் தேய்த்து அதன் வளைவுக்குப் பொருத்தினார்கள். அண்ணாச்சி ஒவ்வொரு தேய்ப்புக்கும் பின்னால் டார்ச்சை உள்ளே அடித்து, கீற்று வெளிச்சம் கூடக் கசியவில்லை என்று பார்த்த பிறகுதான் அடுப்பைத் தொட்டார்.

இங்கே குழாய்களை இணைக்கும் பிரேஸிங்குக்கும் ஒரு சொல் வேண்டும். வெல்டிங்கில் தாய் உலோகமே உருகும், இதில் ஸ்டீல் உருகாது, 900 பாகை செல்சியஸ் அளவில் பித்தளை மட்டும் உருகி இடுக்குக்குள் ஓடுகிறது. வெங்காரம் போட்டுப் பொடி வைத்து ஊதுகிற வேலையை வடசேரி நகைப் பட்டறைகளில் பார்த்திருப்பீர்கள், அதே முறைதான். இணைக்கும் உலோகத்துக்குப் ‘பற்றாசு’ என்று அகராதியிலேயே இருக்கிறது. வெல்டிங் பற்றவைப்பு, பிரேஸிங் ‘பற்றாசு வைத்தல்’. சூடு பட்டதில் குழாய் லேசாக முட்டை வடிவம் ஆகும், அதனால் கிண்ணம் இறுக்கும் முன் உள்துளையைச் சீவி வட்டமாக்க வேண்டும். கழுத்து நேராக நிற்கிறதா என்று பின்சக்கரத்தோடு நூல் பிடித்தும் பார்க்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது முழுப் பளுவும் வருவது இந்த இணைப்பில். பிரேமை அசையாமல் பிடித்து நிறுத்தும் சட்டம் (ஜிக்) இல்லாமல் கைக்கணக்கில் இதை யாரும் செய்ய வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

முன்சக்கரமும் மாற வேண்டும், புதிய கவையில் டிஸ்க் பிரேக்கும் 15 மிமீ அச்சும்தான் வருகிறது. அது தனி மடல்.

இன்று காலை உள்துளை சீவ பிரேமை வேறொரு பட்டறைக்கு அனுப்பினார்கள். கூட அனுப்பும் சீட்டை என்னையே எழுதச் சொன்னார் அண்ணாச்சி. ‘கழுத்துக்குழாய் 44, மேல் கிண்ணம் உள்ளே, கீழ்க் கிண்ணம் வெளியே, அடிபருத்த தண்டு’ என்று எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்த பையன் போன் பண்ணி ஒன்றுதான் கேட்டான்: “அடி எவ்வளவு பருமன் அண்ணா?”

39.8 என்றேன்.

தலைக்குழாயை நீக்குவதற்கு யாருக்காவது மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள், பட்டியலைத் திருத்திவிடுகிறேன்.